பெயர்ப்பலகைக்குப் பின்னாடி போய்ப் பார்க்கலாம், வாங்க!

கோவையில் எந்தப் பெரிய வாசலுக்குள் நுழைய வேண்டுமானாலும் முதலில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பேரு, ஊரு, போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தீங்க. அவிநாசி ரோட்டுக் கல்லூரியானாலும் சரி, விளாங்குறிச்சி டைடல் பார்க்கானாலும் சரி, செக்யூரிட்டி அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நோட்டை நம் பக்கம் தள்ளிவிடுவார். இதே நிறுவனங்களுக்கெல்லாம் இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே செக்யூரிட்டி இல்லை, நோட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. நடுராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் யாரும் 'யாருங்க நீங்க?' என்று கேட்பதில்லை. கொஞ்ச நாளாக எனக்கு ராத்திரி வேலையே அதுதான்.

கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து 'டிக்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு இணையதளத்தின் பெயரைப் போட வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு 'என்எஸ்லுக்அப்'. அவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் தளம் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது, மெயிலை யார் வாங்கி வைக்கிறார்கள், என்னென்ன மென்பொருளுக்குக் காசு கட்டுகிறார்கள், எதையெல்லாம் சுத்தம் செய்யாமல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கடகடவென வந்து விழும். சரவணம்பட்டியில் சர்வர்களை மேய்க்கும் தம்பி ஒருவர்தான் எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடித்துவிட்டவர். முதல் தடவை காட்டியபோது நான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, 'இது தப்பில்லையே?' என்றேன். 'திருட்டுத்தனம் ஒண்ணும் இல்லீங்ண்ணா. ஊரே பாக்கணும்னுதான் இத எழுதியே வெக்கறோம்' என்றார்.

அவர்கள் எழுதி வைப்பதற்குப் பெயர் ஜோன் ஃபைல். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎன்எஸ். நாம் பெயரை அடிக்கிறோம். இயந்திரங்களுக்குத் தெரிந்ததோ எண்கள் மட்டும். நடுவில் நின்று பெயருக்கு எண் சொல்வது இதன் முதல் வேலை. அதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு குதித்திருக்க மாட்டேன். முதல் வேலைக்குப் பிறகு அது ஏற்றுக்கொண்ட எடுபிடி வேலைகள்தான் வேடிக்கை.

நம்ம ஊர் பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். பீளமேடு பிஎஸ்ஜி டெக்கின் தள முகவரி எப்படி முடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? டாட் இடியு. எட்டிமடை அமிர்தாவும் டாட் இடியுதான். சிறுவாணி மலையடிவாரத்தில் இருக்கும் காருண்யாவும் அதேதான். இதில் என்ன அதிசயம் என்றால், 2001 அக்டோபரிலிருந்து அந்த டாட் இடியுவை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே கையில் வைத்திருந்தவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. இன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு போய்க் கேட்டால்கூடப் புதிதாகக் கிடைக்காத வால், நம் பாலக்காட்டு ரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்துப் பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும்!

அடுத்தது இன்னும் ஜோர். கோவையின் பெயரையே சூட்டிக்கொண்ட மென்பொருள் நிறுவனம் 'கோவை டாட் கோ'. அந்த 'கோ' கம்பெனியின் சுருக்கம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சட்டப்படி அது கொலம்பியா நாட்டின் வால். 2010-ல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கொலம்பியா அதைத் திறந்துவிட்டது. ஆக, கோவையின் பெயரைத் தேடிப் போகிறவர் தென்னமெரிக்காவின் பதிவேட்டைத் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

இந்த வால்கள் எல்லாம் ஓர் ஆணிவேரில் போய்ச் சேருகின்றன. அதை ரூட் என்கிறார்கள். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் ரூட் சர்வர்கள் இருக்கின்றன. ஏன் 13? அந்தக் காலத்தில் ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று விதி. அதற்குள் திணித்தால் அவ்வளவுதான் இடம் இருந்தது. பெயர்தான் 13, உலகம் முழுக்க அவற்றின் பிரதிகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். எஃப் சர்வரின் பிரதி ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது.

இதெல்லாம் வருவதற்கு முன் எப்படி ஓடியது என்றால் நம்ப மாட்டீர்கள். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு, இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே ஒரு கோப்பில் வைத்திருந்தது. புதுக் கணினி வைத்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் பெருகப் பெருகக் கோப்பு மூச்சுத் திணறியது. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் கோப்பை உடைத்து, அவரவர் பெயரை அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்று டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். 1987 நவம்பரில் வந்த திருத்திய பதிப்புதான் இன்றுவரை அடித்தளம். இந்தியாவின் டாட் இன் 1989-ல் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் பிறந்தது. வெகுகாலம் அது கூட்டமே இல்லாத இடமாகத்தான் இருந்தது. 2005-ல்தான் பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள்.

இப்போது அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிற்போம். வாழையில் புள்ளி விழுந்திருக்கிறது. விவசாயி போனை எடுத்து வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தைத் திறக்கிறார். கண் சிமிட்டும் நேரத்துக்குள் என்ன நடக்கிறது பாருங்கள். போன் கேட்பது சிம் கம்பெனியின் சர்வரை. அதற்குத் தெரியாவிட்டால் அது ரூட்டைக் கேட்கும். ரூட், 'எனக்குத் தெரியாது, டாட் இன் ஆட்களைக் கேள்' என்று கைகாட்டும். அவர்கள் ஏசி டாட் இன் பக்கம், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் பக்கம். கடைசியில் பல்கலைக்கழகத்தின் சர்வர்தான் 'அந்தத் தளம் இந்த எண்ணில் இருக்கிறது' என்று சொல்லும். வழியெல்லாம் 'அவரைக் கேள்' என்று கைகாட்டுவது என்எஸ் ரெக்கார்டு. கடைசியில் எண்ணைச் சொல்வது ஏ ரெக்கார்டு.

ஏ ரெக்கார்டு பழைய பாணி எண்ணைத் தரும், 203.0.113.10 மாதிரி நான்கு துண்டு. (பயந்து கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். 203.0.113 என்று தொடங்கும் எண்களைப் புத்தகத்தில் உதாரணம் காட்டுவதற்கென்றே யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!) அந்தப் பாணியில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். ஆசியாவின் பங்கு 2011 ஏப்ரலிலேயே கிட்டத்தட்ட வறண்டுவிட்டது. அதற்கு மாற்றாக வந்த நீள எண்ணுக்கான ரெக்கார்டின் பெயர் ஏஏஏஏ. சர்வர்காரர்கள் வாயில் அது 'குவாட் ஏ'. பழைய எண் 32 பிட், புதியது 128 பிட், நான்கு மடங்கு; ஆகவே நான்கு ஏ. இதை யோசித்தவர் சீரியஸான ஆளாக இருந்தாரா, சிரித்துக்கொண்டே எழுதினாரா என்பது என் சந்தேகம்.

இதில் நமக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. புதிய எண்களைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ ஆரம்பத்திலிருந்தே புதிய முறையில் கட்டப்பட்டதுதான் பெரிய காரணம். கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி விலை பார்க்கிற போன், குவாட் ஏ விசாரிப்பதில் பல ஐரோப்பிய அலுவலகங்களைவிட முந்தி நிற்கிறது.

அடுத்து சி-நேம். ஒரு பெயருக்கு எண் தராமல், 'என் பெயரைக் கேட்டால் அந்தப் பெயரைப் போய்க் கேள்' என்று சொல்லும் ரெக்கார்டு. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம லேபிள் ஒட்டின பனியனை ஜாப் ஒர்க்கில் வேறு யூனிட்டில் தைத்து வாங்குகிறோமே, அதுதான். கம்பெனியின் கடைப் பக்கம் ஒரு கடை மென்பொருளுக்குப் போகும், உதவிப் பக்கம் இன்னொரு கம்பெனிக்குப் போகும், முகவரிப் பட்டியில் மட்டும் நம்ம பேரு நிற்கும்.

பின்வாசலில் நான் வாயைப் பிளந்து நின்ற இடம் இதுதான். பொறியியல் கல்லூரிகளில் வருடா வருடம் டெக் ஃபெஸ்ட் நடக்கிறது. மூன்றாம் வருடப் பசங்க இலவச இடம் ஒன்றில் பளபளவென ஒரு தளம் கட்டுவார்கள். கல்லூரிப் பெயருக்கு முன்னால் ஃபெஸ்ட் பெயரைப் போட்டு ஒரு சி-நேம் வாங்கி அங்கே திருப்பிவிடுவார்கள். ஃபெஸ்ட் முடியும், பசங்க வேலை கிடைத்து பெங்களூர் போவார்கள், இலவசக் கணக்கு காலாவதியாகும். சி-நேம் மட்டும் கல்லூரியின் ஜோன் ஃபைலில் அப்படியே கிடக்கும். யாரோ ஒருவன் அந்தக் காலியிடத்தின் பெயரைத் தன் பேரில் பதிவு செய்துகொண்டால் போதும். கல்லூரியின் நல்ல பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓட ஆரம்பிக்கும். கல்லூரியின் எந்த சர்வரையும் அவன் தொடவே இல்லை! இதற்கு 'சப்டொமைன் டேக்ஓவர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 'எந்த சி-நேம் எதுக்குன்னு பக்கத்துல ஒரு வரி எழுதி வெச்சா என்னங்ண்ணா குறைஞ்சு போகும்?' என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வார். எழுதுவதில்லை. எழுத வேண்டியவர் நோட்டீஸ் பீரியடில் இருப்பார்.

சரி, இப்போது மெயில் பக்கம் வாருங்கள். கொங்கு நாட்டில் டிஎன்எஸ் எங்கே காசோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் இங்கேதான்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பையர் ஜெர்மனியில். சாம்பிள், கலர் ஒப்புதல், இன்வாய்ஸ் எல்லாம் மெயிலில்தான் போகும். பையர் மெயில் அனுப்பும்போது அவருடைய சர்வர் நம் கம்பெனியின் எம்எக்ஸ் ரெக்கார்டைக் கேட்கும்: 'உங்க மெயிலை யார்கிட்ட குடுக்கறதுங்க?' எம்எக்ஸில் பெயரோடு ஒரு எண் இருக்கும். சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. 10 என்று எழுதிய சர்வர் படுத்துவிட்டால் 20-க்குப் போகும். 1986-ல் எழுதிய விதி, இன்றைக்கும் அச்சு மாறாமல் ஓடுகிறது.

வரும் மெயிலுக்கு எம்எக்ஸ். நம் பெயரில் வெளியே போகும் மெயிலுக்கு? அங்கேதான் ஓட்டை. மெயில் உறையில் 'அனுப்புநர்' இடத்தில் யார் பெயரையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பழைய விதியில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்கில் போடவும்' என்று நம் கம்பெனி பெயரில் ஒரு மெயில் பையருக்குப் போனால், கன்டெய்னர் போன பிறகு காசு வேறு யாருக்கோ போய்ச் சேரும். ஏற்றுமதி செய்கிறவர்கள் வட்டாரத்தில் இந்தப் பேச்சு வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத் தேடியபோது கிடைத்தது டெக்ஸ்ட் ரெக்கார்டு. 1987-ல் 'எதையாவது எழுதி வைக்க உதவும்' என்று சும்மா போட்டு வைத்த ரெக்கார்டு அது. அதில்தான் இன்றைக்கு மெயிலின் மொத்த மானமும் இருக்கிறது. மூன்று வரிகள்.

முதல் வரி எஸ்பிஎஃப். 'எங்கள் பெயரில் மெயில் அனுப்பும் உரிமை இந்த இந்த சர்வர்களுக்கு' என்று ஒரு பட்டியல். பட்டியலின் கடைசியில் 'ஆல்' என்று ஒரு சொல், அதற்கு முன்னால் ஒரே ஒரு குறி. அந்தக் குறியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கழித்தல் குறி என்றால், பட்டியலில் இல்லாதவன் அனுப்பினால் போலி என்று எடுத்துக்கொள். நெளிகோடு என்றால், சந்தேகப்படு, ஆனால் விரட்டிவிடாதே. கூட்டல் குறி என்றால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் பெயரில் அனுப்பிக்கொள்ளலாம், வாழ்க வளமுடன்! கீபோர்டில் ஒரு விரல் தள்ளி விழுந்தால் கம்பெனியின் கதையே வேறு.

இன்னொரு கூத்து: இந்தப் பட்டியலைச் சரிபார்க்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸைக் கேட்கக் கூடாது என்று விதி. மெயிலுக்கு ஒன்று, சம்பள மென்பொருளுக்கு ஒன்று, விளம்பர மெயிலுக்கு ஒன்று, கஸ்டமர் கேருக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் 11 ஆகும். உடனே மொத்த வரியும் செல்லாது. அதுவும் சத்தமில்லாமல். மெயில் ஏன் ஸ்பாமில் போகிறது என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வரி டிகேஐஎம். அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் முத்திரை குத்தும். அந்த முத்திரையைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஊருக்கே தெரிய இருக்கும். டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை. சாவியோ அதைவிட நீளம். அதனால் சாவியை இரண்டாக வெட்டி, இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். வெட்டின இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் முத்திரை தேறாது. பல இணையப் படிவங்கள் இந்த வெட்டலைத் தாமே செய்துவிடும், சில செய்யாது. எது செய்யும் எது செய்யாது என்பதை அனுபவஸ்தர்கள் மட்டும் அறிவார்கள்.

மூன்றாவது டிமார்க். முதல் இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்கு உத்தரவு. 'ஒன்றும் செய்யாதே', 'ஸ்பாமில் போடு', 'திருப்பி அடி' என்று மூன்று படி. இந்த ரெக்கார்டின் பெயர் ஓர் அடிக்கோட்டில் தொடங்கும். கணினிகளின் பெயரில் அடிக்கோடு வரக் கூடாது என்பது பழைய சட்டம். அதனால் அடிக்கோடு போட்டு வைத்தால் எந்தக் கணினியின் பெயரோடும் மோதாது. சட்டத்தின் சந்திலேயே வீடு கட்டியிருக்கிறார்கள்! 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும், தங்கள் பயனர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கூகுள் கணக்கில் மொத்தம் என்றால் ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல். அதன் பிறகுதான் பல முதலாளிகளுக்கு டிமார்க் என்ற பெயரே காதில் விழுந்தது.

மூன்று வரியும் இருந்தால் மோசடி ஒழிந்துவிடுமா? இல்லை. நம் பெயரையே போட்டு வரும் போலியைத்தான் இது பிடிக்கும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் மாதிரி தெரியும் பாருங்கள், அப்படி ஒரு ஒட்டுப் பெயரைப் புதிதாக வாங்கி அனுப்பினால் அந்த ஒட்டுப் பெயருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் சுத்தமாக இருக்கும். அக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் பழைய போன் நம்பரில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதுதான் அங்கே வழி. அதற்கு ரெக்கார்டு கிடையாது.

டெக்ஸ்ட் ரெக்கார்டில் எனக்குப் பிடித்த வம்பு வேறொன்று. எந்த மென்பொருள் வாங்கினாலும், 'இந்தப் பெயர் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க இந்த வரியை உங்கள் டெக்ஸ்ட் ரெக்கார்டில் போடுங்கள்' என்பார்கள். போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மாட்டார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் டெக்ஸ்ட் வரிகளைப் படித்தால் போதும்: மெயிலுக்கு யார், கையெழுத்துக்கு யார், மீட்டிங்குக்கு யார், முந்தைய மேனேஜர் ஆசைப்பட்டு வாங்கி மூன்றே மாதத்தில் கைவிட்டது எது என்று மொத்தச் சரித்திரமும் வரிசையாக நிற்கும். நான் பார்த்துவிட்டுச் சிரித்ததை எல்லாம் இங்கே எழுதினால் அசோகபுரத்துப் பக்கம் நடமாட முடியாது.

எஸ்ஓஏ ரெக்கார்டைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்ட மாட்டேன். ஜோன் ஃபைலின் தலைவரி அது. அதில் ஒரு வரிசை எண் உண்டு. நிறையப் பேர் அந்த எண்ணை வருடம், மாதம், தேதி, பிறகு அன்றைக்கு எத்தனையாவது திருத்தம் என்று எழுதுவார்கள். தீபாவளியன்றைய தேதியும் கடைசியில் 07-உம் இருந்தால், யாரோ ஒரு பாவப்பட்ட ஆள் பட்டாசு வெடிக்காமல் ஏழு தடவை திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். பொறுப்பாளரின் மெயில் முகவரியும் அதே வரியில் இருக்கும், 'அட்' குறி மட்டும் இருக்காது. அந்தக் குறிக்கு ஜோன் ஃபைலில் வேறு அர்த்தம் இருப்பதால் அந்த இடத்தில் ஒரு புள்ளி.

ஒவ்வொரு ரெக்கார்டின் ஓரத்திலும் ஒரு எண்: டிடிஎல். 'இந்தப் பதிலை இத்தனை நொடி ஞாபகம் வைத்துக்கொள்' என்று பொருள். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினால் கொஞ்சம் பேருக்குப் பழசு, கொஞ்சம் பேருக்குப் புதுசு தெரியும். உடனே அலுவலகம் முழுக்க, 'இன்னும் புரோபகேட் ஆகலீங்க' என்ற மந்திரம் கேட்கும். எதுவும் எங்கேயும் பரவுவதில்லை என்பதுதான் வேடிக்கை. பழைய பதிலை ஞாபகம் வைத்திருக்கும் சர்வர்கள் அதை மறக்கும்வரை காத்திருக்கிறோம், அவ்வளவுதான். விவரமானவர்கள் முந்தின நாளே டிடிஎல்லை 300-க்கு இறக்கிவிட்டு, மாற்றிய பிறகு ஏற்றுவார்கள். மற்றவர்கள் டீ குடிப்பார்கள்.

ஞாபகம் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று உலகமே பார்த்தது 2021 அக்டோபர் 4. நமக்கு அப்போது ராத்திரி ஒன்பது தாண்டியிருந்தது. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் சொந்த முதுகெலும்புக் கம்பியைத் துண்டித்தது. அதைக் கண்ட அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் தாமாகவே இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. பதில் சொல்ல ஆளில்லை, டிடிஎல் தீர்ந்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் மாயம். ஆர்டரும் போட்டோவும் வாட்ஸ்அப்பிலேயே ஓடும் ஊர் நம்முடையது. அன்றைக்கு எத்தனை பேர் போனை அணைத்து அணைத்துப் போட்டார்களோ!

இனி கொஞ்சம் வேகமாக நடப்போம். எண்ணைச் சொன்னால் பெயர் தரும் தலைகீழ் ரெக்கார்டு பிடிஆர். மெயில் சர்வருக்கு இது இல்லாவிட்டால் எதிர்முனை முகம் சுளிக்கும். எஸ்ஆர்வி என்பது ஒரு சேவை எந்த சர்வரில், எந்தக் கதவில் என்று சொல்வது. அலுவலகப் போன்களுக்குப் பயன்படுகிறது, ஆனால் இதை நேசிப்பவர்கள் வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டும் எட்டாம் வகுப்புப் பசங்க. சிஏஏ என்பது தளத்துப் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை யார் தரலாம் என்று கட்டுப்படுத்துவது.

பதில் சொல்வது நிஜ சர்வர்தானா, நடுவில் எவனாவது புகுந்தானா என்று கேட்டால் அதற்கு டிஎன்எஸ்செக். ஒவ்வொரு பதிலிலும் முத்திரை, அதற்கு மேல் முத்திரை என்று போய் ரூட்டின் சாவியில் முடியும். அந்தச் சாவியை எடுக்க வருடத்துக்கு நான்கு முறை அமெரிக்காவில் சடங்கு மாதிரியே நடத்துகிறார்கள். கேமரா, சாட்சிகள், பெட்டகம், எழுதி வைத்த வரிசை, நேரடி ஒளிபரப்பு எல்லாம் உண்டு. 2020 பிப்ரவரியில் சடங்குக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பெட்டகத்தின் பூட்டு மட்டும் திறக்கவில்லை! சடங்குக்கு வேண்டியது உள்ளே, ஆட்கள் வெளியே. கடைசியில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுத் துளைபோட்டுத் திறந்தார்கள். சடங்கு சில நாள் தள்ளிப் போனது.

தமிழும் அந்த ஆணிவேருக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2007 அக்டோபரில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் தாங்குமா என்று சோதிக்க 11 வால்களை ரூட்டில் போட்டார்கள். அதில் ஒன்று தமிழ்: 'உதாரணம்.பரிட்சை' என்று அடித்தால் அப்போது ஒரு தளம் திறந்தது. பிறகு நிஜமாகவே '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' மூன்றும் வந்தன. ஒரே மொழியில் மூன்று நாட்டு வால்! உள்ளே டிஎன்எஸ்ஸுக்கு ஆங்கில எழுத்துதான் பழக்கம் என்பதால், தமிழ்ப் பெயரை அதற்குத் தெரிந்த எழுத்துகளாகக் குறியீடு மாற்றித்தான் அனுப்புகிறார்கள்; முன்னால் எக்ஸ், என், இரண்டு கோடு. டிக் அடித்துப் பார்த்தால் '.இந்தியா' பூனை கீபோர்டில் நடந்த மாதிரி தெரியும். திரையில் வரும்போது மறுபடி தமிழாகிவிடும். நம் கடை வீதிப் பெயர்ப்பலகையெல்லாம் தமிழில் இருக்கிறது, இணைய முகவரியைத் தமிழில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் செல்ல ரெக்கார்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பெயர் எல்ஓசி. 1996-ல் பரிசோதனையாக வந்தது. உங்கள் பெயர் பூமியில் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதி வைக்கலாம். கோவை என்றால் வடக்கே 11 பாகைக்குச் சற்று மேலே, கிழக்கே 77-க்குச் சற்றுக் குறைய, உயரம் ஏறக்குறைய 411 மீட்டர். இதனால் யாருக்கு என்ன லாபம்? ஒருவருக்கும் இல்லை. எந்த பிரவுசரும் இதைக் கேட்பதில்லை. ஆனாலும் விதிப்புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. டிக் அடித்துக் கேட்டால் பதில் வரும். சரவணம்பட்டித் தம்பியிடம், 'உங்க கம்பெனிக்கு ஒண்ணு போட்டு வைங்களேன்' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். 'மேனேஜர்கிட்ட எதுக்குன்னு சொல்லி அப்ரூவல் வாங்கறதுங்ண்ணா?' என்கிறார். மருதமலை மேல் ஒரு சர்வர் வைத்து, உயரத்தையும் சேர்த்து எழுதலாமே என்று அடுத்த யோசனை சொன்னேன். போனை வைத்துவிட்டார்.